பணம் கட்டியவனுக்குத்தான் பூட்டு

'இன்ஸ்டலேஷன் வெற்றிகரமாக முடிந்தது' என்று திரையில் பச்சை டிக் விழும்போது சந்தோஷப்படுகிறவர்கள் எங்கள் தொழிலில் யாரும் கிடையாது. வயிற்றில் புளியைக் கரைப்பது அதற்குப் பிறகுதான் என்று எல்லாருக்கும் தெரியும். மென்பொருளை சர்வரில் ஏற்றுவது ஒரு மதிய நேரத்து வேலை. அதற்கு லைசென்ஸ் போட்டு, ஆக்டிவேட் பண்ணி, பில் போடும் பெண்ணின் மேசையிலிருந்து ஒரே ஒரு பில்லை வெளியே வரவைப்பது இருக்கிறதே, அங்கேதான் உயிர் போகிறது.

நான் கோயம்புத்தூரில் பம்பு உதிரிபாகம் செய்யும் ஒரு நடுத்தரக் கம்பெனியில் சிஸ்டம் பார்க்கிறவன். விசிட்டிங் கார்டில் பெரிய பதவிதான் போட்டிருக்கிறது. நடைமுறையில், பிரிண்டரில் பேப்பர் சிக்கினாலும், கேட்டில் சிசிடிவி நின்றாலும், சர்வர் படுத்தாலும் கூப்பிடுவது ஒரே ஆளைத்தான். கொள்முதல், ஸ்டாக், உற்பத்தி, பில், சம்பளம் எல்லாவற்றையும் ஒன்றாகப் பார்க்கும் ஈஆர்பி மென்பொருள் வாங்கலாம் என்று முதலாளி முடிவெடுத்தபோதும் அந்த ஆள் நான்தான். எந்தக் கம்பெனியின் மென்பொருள் என்று சொல்லப் போவதில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது? பெயரை மாற்றிப் போட்டாலும் கதை பெரிதாக மாறாது என்று இதே வேலையில் இருக்கும் நண்பர்கள் சத்தியமே பண்ணுவார்கள்.

விற்க வருகிறவர்களின் வேகம் தனி. டெமோ காட்ட ஒரு கார் நிறைய ஆட்கள் வந்து இறங்கினார்கள். கேட்ட கேள்விக்கெல்லாம் 'கண்டிப்பா முடியும் சார்' என்ற ஒரே பதில். லைசென்ஸ் கட்டணம், நிறுவிக் கொடுக்கும் கட்டணம், ஆண்டுப் பராமரிப்பு, எல்லாவற்றின் தலையிலும் 18% ஜிஎஸ்டி. பணம் போன அன்று சாயங்காலமே ரசீது வந்துவிட்டது. லைசென்ஸ் மட்டும் வரவில்லை.

முதலாளி என் அறைக்கே வந்துவிட்டார். "தம்பி, காசு கட்டியாச்சு. ஏத்தியாச்சுன்னும் சொல்லிட்டீங்க. அப்பறம் என்னத்துக்குங்க இன்னும் பில்லு வரமாட்டேங்குது?"

"கீ வரணுங்க சார்."

"போன வாரமே மெயில்ல ஏதோ கீ வந்துச்சுன்னீங்க?"

"அது இன்ஸ்டால் பண்ற கீங்க சார். இப்ப நாம ஹார்டுவேர் கீயை அனுப்பணும். அதைப் பாத்துட்டு அவங்க லைசென்ஸ் கீ அனுப்புவாங்க."

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். நாற்பது வருஷமாக லேத்து மிஷின் வாங்கி ஓட்டுகிறவர். மிஷின் வந்து இறங்கினால் ஃபவுண்டேஷன் போட்டு, கரன்ட் கொடுத்தால் ஓடும். ஓடுவதற்கு முன் மிஷின் செய்தவனிடம் சம்மதம் கேட்க வேண்டும் என்று அவருக்கு எப்படிப் புரியவைப்பது?

நடப்பது இதுதான். மென்பொருள் ஏறியதும், தான் உட்கார்ந்திருக்கும் கம்ப்யூட்டரின் அங்க அடையாளங்களை எடுத்துக்கொள்கிறது. நெட்வொர்க் கார்டின் மேக் முகவரி, ஹார்ட் டிஸ்கின் எண், மதர்போர்டின் எண், சில மென்பொருள்களுக்கு சர்வருக்கு நாம் வைத்த பெயரும்கூட. இவற்றிலிருந்து ஒரு நீளமான குறியீட்டை உண்டாக்குகிறது. அதைத்தான் ஹார்டுவேர் கீ, ஹோஸ்ட் ஐடி என்றெல்லாம் சொல்கிறார்கள். அதை நாம் அனுப்பினால், எந்த ஒப்பந்தம், எத்தனை பயனர், எந்தெந்த மாட்யூல், எந்தத் தேதி வரை என்பதைச் சேர்த்து, தங்கள் டிஜிட்டல் கையொப்பத்தைப் போட்டு ஒரு கோப்பாகத் திருப்பி அனுப்புவார்கள். அந்தக் கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் கையொப்பம் பொருந்தாது, மென்பொருள் திறக்காது. அதாவது நாம் வாங்கியது மென்பொருளை அல்ல. இந்த ஒரு கம்ப்யூட்டரில், இத்தனை பேர், இந்தத் தேதி வரை உபயோகிக்கலாம் என்ற அனுமதியை. விலைப்பட்டியலில் இதை யாரும் இப்படி எழுதுவதில்லை. 'லைசென்ஸ், 1 எண்ணிக்கை' என்று மட்டும் இருக்கும்.

சரி, அப்படியே இருக்கட்டும் என்று ஏற்றுக்கொண்டாலும், கம்ப்யூட்டர் என்ன கல்வெட்டா, அப்படியே இருக்க? மின்னல் இறங்கி மதர்போர்டு போகும். நெட்வொர்க் கார்டு கருகும். சர்வரை விர்ச்சுவல் மிஷினாக வைத்திருந்தால், ஒரு பெட்டியிலிருந்து இன்னொரு பெட்டிக்கு நகர்த்தும்போது மேக் முகவரி மாறிவிடக்கூடும். உடனே மென்பொருளுக்கு நாம் அந்நியராகிவிடுவோம். 'லைசென்ஸ் இந்த இயந்திரத்துக்கு உரியதல்ல' என்று ஒரே வரி. உள்ளே இருக்கும் கணக்கு நம்முடையது, கட்டிய பணம் நம்முடையது, கருகிய கார்டும் நம்முடையது. ஆனாலும் அவர்களுக்குப் படிவம் நிரப்ப வேண்டும். 'மாற்றத்துக்கான காரணம்' என்று அதில் ஒரு கட்டம். அதில் என்ன எழுதுவது, இடி விழுந்தது என்றா?

இதில் இன்னொரு வேடிக்கை உண்டு. நம் நாட்டுக் காப்புரிமைச் சட்டம், 52(1)(aa) என்று ஆங்கிலத்தில் குறிக்கப்படும் உட்பிரிவில், முறையாக வாங்கிய கணினி நிரலை இழப்பிலிருந்தும் சேதத்திலிருந்தும் காப்பாற்றிக்கொள்ள நகல் எடுத்து வைக்கலாம் என்கிறது. நகல் எடுக்கலாம், தடையில்லை. ஆனால் அந்த நகலை வேறு கம்ப்யூட்டரில் போட்டால் ஓடாது. ஓட வைக்க மறுபடியும் அவர்கள் தயவு வேண்டும். சட்டம் கொடுத்ததை ஒரு குறியீடு திரும்ப வாங்கிக்கொள்கிறது.

படிவத்தை நிரப்பிவிட்டோம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அதை யார் அனுப்புவது? எங்கள் கணக்கு பதிவாகியிருந்தது முன்பு பர்சேஸ் பார்த்த ஒருவரின் மெயிலில். அவர் வேலையை விட்டு ஓசூர் பக்கம் போய்விட்டார். உதவி மையத்தில் இருக்கும் பிள்ளையிடம் சொன்னால், ரொம்ப மரியாதையாக, "சார், பதிவு செய்த மெயிலில் இருந்து வந்தால்தான் சார் பிராசஸ் பண்ண முடியும்" என்கிறது. அந்த மெயில் இப்போது கிடையாதம்மா என்றால், "அப்ப மெயிலை மாத்தித் தரச் சொல்லி, பதிவு செய்த மெயிலில் இருந்து ஒரு ரிக்வெஸ்ட் அனுப்புங்க சார்." இதைச் சொன்னபோது அந்தக் குரலில் துளிகூடக் கிண்டல் இல்லை. அதுதான் இன்னும் கொடுமை. அந்தப் பிள்ளை மேல் எனக்குக் கோபமும் இல்லை. எதிரே இருக்கும் திரையில் எழுதியிருப்பதைத்தான் அது படிக்கிறது.

கடைசியில் கம்பெனி லெட்டர்ஹெட்டில் கடிதம், முதலாளி கையெழுத்து, ரப்பர் ஸ்டாம்ப், ஜிஎஸ்டி சான்றிதழ் நகல். எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து அனுப்பினால், கம்பெனிக்கு நேராக அனுப்பக் கூடாது, டீலர் வழியாகத்தான் வர வேண்டும் என்று பதில். டீலரைக் கூப்பிட்டால், "அண்ணா, நாங்க அன்னைக்கே ஃபார்வேர்டு பண்ணிட்டோம், அவங்கதான் பெண்டிங்" என்கிறார். கம்பெனியைக் கூப்பிட்டால், "பார்ட்னர் சைடுல இருந்து இன்னும் வரலை சார்." பணம் வாங்கும்போது இருவரும் ஒரே குடும்பம். கீ கேட்டால் மட்டும் பாகப்பிரிவினை.

அடுத்தது இன்டர்நெட். எங்கள் சர்வரை வெளி இணையத்தோடு சேர்க்காமல்தான் வைத்திருக்கிறோம். ரான்சம்வேர் வந்து பக்கத்து யூனிட்டில் கணக்கு மொத்தமும் போன பிறகு, ஆடிட்டர் முதல் வங்கிக்காரர் வரை எல்லாரும் சொன்ன புத்திமதி அது. ஆனால் ஆக்டிவேஷனுக்கு சர்வர் நேராக அவர்கள் சர்வரோடு பேச வேண்டுமாம். எந்த முகவரி, எந்த போர்ட் என்று கேட்டால், ஃபயர்வாலைக் கொஞ்ச நேரம் மொத்தமாகத் திறந்து வையுங்கள் என்கிறார்கள். வீட்டுக் கதவைத் திறந்து போடச் சொல்கிறவர்களே நம்மிடம் பாதுகாப்புக்கும் ஒரு மாட்யூல் விற்கிறார்கள்.

முடியாது என்று பிடிவாதம் பிடித்தால், ஆஃப்லைன் ஆக்டிவேஷன் என்று ஒரு வழி காட்டுவார்கள். திரையில் வரும் குறியீட்டை ஃபோனில் படிக்க வேண்டும். சர்வர் ரூமில் ஏசி இரைச்சல், வெளியே பிரஸ் மிஷின் சத்தம். நான் ஒரு காதில் ஃபோனை அழுத்திக்கொண்டு, "பி ஃபார் பாம்பே, டி ஃபார் டெல்லி, எட்டு, அது பூஜ்யமா ஓ-வா தெரியலைங்க" என்று கத்துகிறேன். அந்தப் பக்கம், "சார், வி ஃபார் விக்டரியா, பி-யா?" என்று திருப்பிக் கேட்கிறார்கள். இருபத்தோராம் நூற்றாண்டில், செயற்கை நுண்ணறிவு பற்றி மூச்சுக்கு மூச்சு பேசுகிற ஒரு துறை, தன் வாடிக்கையாளரை இப்படித் தந்தி ஆபீஸ் குமாஸ்தாவாக்கி வைத்திருக்கிறது. குறியீட்டில் பூஜ்யத்தையும் ஓ-வையும் சேர்த்து வைக்காமல் இருந்தாலே பாதிப் புண்ணியம். அதுகூடத் தோன்றவில்லை.

பெரிய கம்பெனிகளின் விதிகளிலும் இந்த விசித்திரங்களுக்குக் குறைவில்லை. மைக்ரோசாஃப்டின் கேஎம்எஸ் என்ற முறையை எடுத்துக்கொள்ளுங்கள். நிறுவனங்கள் தங்களுக்குள்ளேயே ஒரு ஆக்டிவேஷன் சர்வர் வைத்துக்கொள்ளும் ஏற்பாடு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் குறைந்தது 25 விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் வந்து கதவைத் தட்டினால்தான் அது யாருக்குமே அனுமதி கொடுக்கும். 24 பேர் வரிசையில் நின்றால் 24 பேருக்கும் இல்லை. கிடைத்த அனுமதியும் 180 நாளுக்குத்தான். அதற்குள் திரும்ப வந்து தலையைக் காட்ட வேண்டும். பெரிய நிறுவனத்துக்கு இது சௌகரியம். சின்னக் கம்பெனிக்காரர் இதற்காகவே இன்னொரு கம்ப்யூட்டர் வாங்க வேண்டுமா?

பயனர் கணக்கு இன்னொரு புதைகுழி. ஒரே நேரத்தில் எத்தனை பேர் உள்ளே இருக்கலாம் என்று கணக்கிடும் லைசென்ஸ் ஒரு வகை. பெயர் சொல்லி, ஆளுக்கு ஒன்று என்பது இன்னொரு வகை. எங்கள் ஸ்டோரில் மூன்று ஷிஃப்டுக்கும் இருப்பது ஒரே கம்ப்யூட்டர். ஒரு நேரத்தில் ஒருவர்தான் உட்கார முடியும். ஆனாலும் ஷிஃப்டுக்கு ஒருவராக மூன்று லைசென்ஸ் வேண்டும். கேட்டில் வாட்ச்மேன் வண்டி எண்ணைப் பதிவு செய்தால் அவருக்கும் ஒன்று. வேறு மென்பொருள் வழியாகத் தகவல் போய் வந்தால் அதற்குக்கூடக் கணக்கு கேட்கிறார்கள்.

இது என் கற்பனை இல்லை. ஜானி வாக்கர் தயாரிக்கும் டியாஜியோ நிறுவனத்தின் மேல் ஈஆர்பி மென்பொருள் விற்கும் எஸ்ஏபி இங்கிலாந்தில் தொடுத்த வழக்கில் 2017 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது. டியாஜியோவின் வாடிக்கையாளர்களும் விற்பனை ஆட்களும் சேல்ஸ்ஃபோர்ஸ் மேடையில் செய்த வேறு செயலிகள் மூலம் ஆர்டர் போட்டார்கள். அந்தத் தகவல் எஸ்ஏபி-க்குள் போய் வந்தது. அவர்கள் எஸ்ஏபி திரையைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. அப்படியும் அவர்கள் பயனர்கள்தான் என்று வாதாடிய எஸ்ஏபி, கூடுதல் கட்டணமாகச் சுமார் 5 கோடியே 45 லட்சம் பவுண்டு கேட்டது. கட்டணம் உண்டு என்ற கொள்கையை நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. எவ்வளவு என்பதை அந்தத் தீர்ப்பில் முடிவு செய்யவில்லை. டியாஜியோவுக்கு வழக்கறிஞர் படை இருக்கிறது. எங்களைப் போன்றவர்களுக்கு ஒப்பந்தத்தின் பொடி எழுத்தைப் படிக்கக்கூட ஆள் கிடையாது.

இதெல்லாம் ஒரு தடவைப் பாடு, பட்டுவிட்டுப் போகலாம் என்றால் அதுவும் இல்லை. லைசென்ஸுக்குக் காலாவதி உண்டு. எங்கள் ஒப்பந்தம் நிதியாண்டை ஒட்டி எழுதப்பட்டது; முடிவது மார்ச் 31. வருஷத்தில் எந்த ராத்திரி சர்வர் நிற்கவே கூடாதோ, அந்த ராத்திரியைப் பார்த்துக் குறித்தது போல. ஸ்டாக் எடுப்பு ஒரு பக்கம், ஆண்டுக் கணக்கு ஒரு பக்கம், மாத இலக்கை எட்ட வேண்டும் என்று டெஸ்பாட்ச் ஒரு பக்கம். புதுப்பிக்கும் பணத்தை முன்கூட்டியே கட்டிவிட்டோம். ஆனால் பணம் அவர்களது கணக்கில் விழுந்து, அது எங்கள் ஒப்பந்த எண்ணோடு சேர்ந்து, அதைப் பார்த்து இன்னொரு பிரிவு புதுக் கோப்பு தயாரித்து, டீலர் வழியாக வந்து சேர வேண்டும். வாங்கிய பணத்துக்கும் கொடுக்க வேண்டிய கீக்கும் நடுவே அவர்களது ஆபீஸில் எத்தனை மேசை இருக்கிறதோ, அத்தனையையும் நாங்கள்தான் தாண்ட வேண்டியிருக்கிறது.

ஏப்ரல் முதல் தேதி காலையில் பில்லிங் பெண் கூப்பிட்டது: "அண்ணா, லாக்-இன் ஆகவே மாட்டேங்குதுங்க. லைசென்ஸ் முடிஞ்சுதுன்னு வருதுங்க. லாரிக்காரரு வேற கத்தறாருங்க."

லாரிக்காரர் கத்துவதில் என்ன தப்பு? ஒரு காலமாக இருந்தால், பில் புத்தகத்தை எடுத்து, நடுவே கார்பன் வைத்து எழுதிக் கொடுத்து அனுப்பியிருக்கலாம். இப்போது அது நடக்காது. ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாயைத் தாண்டிய நிறுவனங்களுக்கு 2023 ஆகஸ்ட் 1 முதல் இ-இன்வாய்ஸ் கட்டாயம். அரசுத் தளத்தில் பதிந்து ஐஆர்என் எண் வாங்காத பில், சட்டப்படி பில்லே அல்ல. மாநிலம் தாண்டி 50,000 ரூபாய்க்கு மேல் சரக்கு போனால் இ-வே பில்லும் வேண்டும். அரசுத் தளத்தில் நேராகவே உட்கார்ந்து பதியலாமே என்பார்கள். பதியலாம்தான். ஆனால் கடைசி பில் எண் என்ன, எந்தப் பொருளுக்கு என்ன விலை, கஸ்டமருக்கு என்ன தள்ளுபடி என்பதெல்லாம் எங்கே இருக்கிறது? பூட்டிய பெட்டிக்குள்ளே.

கணக்கை வேறு மென்பொருளில் நாலு நாள் ஓட்டலாம் என்றாலும் அதற்கும் இடம் இல்லை. எங்களைப் போன்ற பிரைவேட் லிமிடெட் கம்பெனிகள் 2023 ஏப்ரல் 1 முதல், ஒவ்வொரு திருத்தத்தையும் தேதியோடு பதிந்து வைக்கிற, அந்தப் பதிவை அணைக்க முடியாத மென்பொருளில்தான் கணக்கு வைக்க வேண்டும் என்பது விதி. நல்ல விதிதான். ஆனால் இதன் விளைவு என்ன? கணக்கு மென்பொருள் இல்லாமல் வியாபாரமே பண்ண முடியாது என்று அரசு சொல்லிவிட்டது. அந்த மென்பொருளின் சாவியை மட்டும் தனியார் ஒருவர் இடுப்பில் செருகிக்கொண்டு திரிகிறார். மாதம் பிறந்தால் 11-ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-1, 20-ஆம் தேதிக்குள் 3பி. தாமதமானால் அபராதம் நமக்கு. கீ தாமதமானால் அவர்களுக்கு என்ன அபராதம்? ஒன்றும் இல்லை. 'அசௌகரியத்துக்கு வருந்துகிறோம்' என்று ஒரு தானியங்கி மெயில், அவ்வளவுதான்.

நம் பக்கம் எல்லாம் சரியாக இருந்தாலும் அவர்கள் பக்கம் கோளாறு வந்தால்? வந்திருக்கிறது. 2007 ஆகஸ்டில் மைக்ரோசாஃப்டின் சரிபார்ப்பு சர்வர்கள் கோளாறாகி, காசு கொடுத்து விண்டோஸ் வாங்கியவர்களையே கள்ள நகல்காரர்கள் என்று அறிவித்தன. விர்ச்சுவல் மிஷின்களை ஓட்ட விஎம்வேர் நிறுவனம் வெளியிட்ட இஎஸ்எக்ஸ் 3.5-இன் இரண்டாவது அப்டேட்டில், சோதனைப் பதிப்புக்காக வைத்த காலாவதித் தேதியை எடுக்க மறந்திருந்தார்கள். 2008 ஆகஸ்ட் 12 அன்று அணைத்த விர்ச்சுவல் மிஷின்கள் மறுபடி எழ மறுத்தன. 2018 நவம்பரில் விண்டோஸ் 10 ப்ரோ வாங்கியவர்களின் கம்ப்யூட்டர்கள் சில, தங்களுக்கு ஹோம் பதிப்பின் லைசென்ஸ்தான் இருக்கிறது என்று சொல்லத் தொடங்கின. மூன்றிலும் வாங்கியவர் பக்கம் ஒரு தப்பும் கிடையாது. மூன்றிலும் அவதிப்பட்டது வாங்கியவர்தான்.

அவர்கள் சொல்லும் நியாயமும் தெரியாமல் இல்லை. கள்ள நகல் நம் ஊரில் ஒன்றும் புதிது அல்ல. சிடி காலத்திலிருந்து கிராக், கீஜென் என்று அதற்கு ஒரு தனி உலகமே உண்டு. உழைத்து எழுதியவனுக்குக் காசு போய்ச் சேர வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது. சட்டமும் கடுமையாகத்தான் இருக்கிறது. கள்ள நகல் என்று தெரிந்தே கணினி நிரலை உபயோகித்தால் 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்கிறது காப்புரிமைச் சட்டம். அதைக் காட்டி நோட்டீஸ் அனுப்பட்டும், வழக்குப் போடட்டும். யார் வேண்டாம் என்றது?

ஆனால் இந்தப் பூட்டு யாரைத் தடுக்கிறது என்று பாருங்கள். கிராக் போட்டவனுடைய மென்பொருளில் ஆக்டிவேஷன் என்ற பகுதியே கத்தரிக்கப்பட்டிருக்கும். அவனுக்கு ஹார்டுவேர் கீ இல்லை, காலாவதி இல்லை, பதிவு செய்த மெயில் இல்லை, மார்ச் 31 இல்லை. வைரஸ் பயம் ஒன்றைத் தவிர அவன் நிம்மதியாகத் தூங்குகிறான். மொய் எழுதாமல் பின்வாசல் வழியாக வந்தவன் பந்தியில் இரண்டாவது பாயசம் வாங்கிக்கொண்டிருக்கும்போது, மொய் எழுதியவனைப் பந்தி வாசலில் நிறுத்தி ஆதார் கார்டு கேட்கும் கல்யாண வீடு இது. அதற்கும் மேல், உள்ளே போய் உட்கார்ந்தவனையும் நடுவில் எழுப்பி, 'நீங்கதானா அது?' என்று மறுபடி கேட்கிறார்கள்.

முன்பெல்லாம் டாங்கிள் என்று ஒன்று இருந்தது. கம்ப்யூட்டரின் பின்னால் பிரிண்டர் போர்ட்டில் செருகும் சின்னக் கட்டை. அதைச் செருகினால் மென்பொருள் ஓடும், கழற்றினால் நிற்கும். தொலைந்தால் தொலைந்ததுதான், உடைந்தாலும் பாடுதான். அதற்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் ஒன்று: அந்தச் சாவி நம் கையில் இருந்தது. கம்ப்யூட்டர் கெட்டால் கட்டையைக் கழற்றி அடுத்ததில் செருகி அன்றைக்கே வேலையை ஓட்டினார்கள். யாருக்கும் கடிதம் எழுதவில்லை. 2001-இல் விண்டோஸ் எக்ஸ்பி வந்து இணையவழி ஆக்டிவேஷனை வீட்டுக்கு வீடு பழக்கப்படுத்தியது. அதன் பின் சாவி மெல்ல மெல்ல வாங்கியவர் கையிலிருந்து விற்றவர் கைக்குப் போய்விட்டது. இப்போது 'ஒரு தடவை வாங்கினால் என்றைக்கும் உங்களுடையது' என்ற விற்பனையையே நிறுத்திக்கொண்டு வருகிறார்கள். பிராட்காம் 2023 நவம்பரில் விஎம்வேரை வாங்கி, அடுத்த மாதமே நிரந்தர லைசென்ஸ் விற்பனைக்கு முற்றுப்புள்ளி வைத்தது. இனி வருஷா வருஷம் கப்பம்தான்.

வேறு மாதிரி நடக்கவே முடியாதா? முடியும். 2012 ஜூலை 3-இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம், யூஸ்டுசாஃப்ட் என்ற நிறுவனத்துக்கும் ஆரக்கிளுக்கும் நடந்த வழக்கில், காலவரையறை இல்லாமல் விற்ற லைசென்ஸ் விற்ற பொருள்தான், தன் நகலை அழித்துவிட்டால் வாங்கியவர் அதை இன்னொருவருக்கு விற்கலாம் என்று தீர்ப்புச் சொன்னது. அடோபி நிறுவனம் சிஎஸ்2 என்ற பழைய தொகுப்பின் ஆக்டிவேஷன் சர்வரை மூடியபோது, ஆக்டிவேஷனே தேவைப்படாத பதிப்பை வாடிக்கையாளர்களுக்காக வெளியிட்டது. 2013 தொடக்கத்தில் அது செய்தியானது. சட்டத்துக்கு மனம் இருந்தால் வழி உண்டு, கம்பெனிக்கு மனம் இருந்தாலும் வழி உண்டு என்பதற்கு இந்த இரண்டும் போதும்.

விற்கிறவர்களிடம் நான் கேட்பது பெரிய வரம் ஒன்றும் இல்லை. கம்ப்யூட்டர் கெட்டால், யாரையும் கெஞ்சாமல் நாங்களே போட்டுக்கொள்ள இரண்டு வாரத்துக்கான அவசரக் கீ ஒன்றை முன்கூட்டியே கொடுத்து வையுங்கள். லைசென்ஸ் முடிந்துவிட்டால் புது பில் போடுவதை வேண்டுமானால் நிறுத்துங்கள். பழைய கணக்கைப் பார்க்கவும் எடுத்துக்கொள்ளவும் கதவை அடைக்காதீர்கள், அது எங்கள் சொத்து. அடையாளத்துக்கு ஒரு ஆளின் மெயிலைப் பிடித்துத் தொங்காதீர்கள். நீங்கள் போட்ட பில்லிலேயே எங்கள் ஜிஎஸ்டி எண் இருக்கிறது. பணம் வந்த உடனே கீ தானாகப் போகும்படி செய்யுங்கள். ரசீது தானாக வருகிறது, கீ மட்டும் ஏன் வரமாட்டேன் என்கிறது? மார்ச் கடைசி வாரத்திலாவது ஞாயிற்றுக்கிழமையும் ஃபோனை எடுங்கள். கடையை மூடும் நாள் வந்தால், பூட்டை எடுத்துவிட்டு மூடுங்கள்.

வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. டெமோவில் கலர் கலராக வரும் ரிப்போர்ட்டைப் பார்த்துத் தலையாட்டுவதற்கு முன்னால் நாலு கேள்வி கேளுங்கள். சர்வர் மாறினால் லைசென்ஸ் எத்தனை மணி நேரத்தில் மாறும்? இன்டர்நெட் இல்லாமல் ஆக்டிவேட் ஆகுமா? காலாவதியானால் என்ன திறக்கும், எது திறக்காது? ஷிஃப்ட் ஆட்களை எப்படி எண்ணுவீர்கள்? பதிலை வாயால் வாங்காதீர்கள், எழுத்தில் வாங்குங்கள். காலாவதித் தேதியை மார்ச் 31-இல் வைக்க விடாதீர்கள். ஆகஸ்ட் நடுவில் ஏதாவது ஒரு தேதியைக் கேட்டு வாங்குங்கள். எல்லாவற்றையும்விட முக்கியம், 'ஆக்டிவேஷன் முடிந்து முதல் பில் வெளியே வந்த பிறகே கடைசித் தவணை' என்று பர்சேஸ் ஆர்டரில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள். பணம் நம் கையில் இருக்கிற வரைக்கும்தான் அவர்கள் ஃபோனை எடுப்பார்கள்.